‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய கல்கி

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரு பாகங்களும் வந்த பிறகு நம் குடியிருப்பில் லிஃப்ட், பூங்கா, நடைபாதை எல்லா இடங்களிலும் வந்தியத்தேவன் பேச்சாக இருந்தது நினைவிருக்கும். நாவலில் உள்ளது படத்தில் இல்லை என்று சண்டைகூட நடந்தது. அந்தப் பேச்சுகளில் ஒன்றை மட்டும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. அந்த நாவலை எழுதத் தொடங்கியபோது கல்கிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் பத்திரிகைக்காரர். பாட்டுக் கச்சேரி, நாட்டியம், நாடகம், சினிமா, ஊர் சுற்றிய அனுபவம் என்று எதையும் விடாமல் எழுதியவர்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பள்ளிப் படிப்பை முடிக்காமலே ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, 1922-ல் ஓராண்டு சிறை சென்றார். வெளியே வந்து திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியர். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமத்தில் மதுவிலக்குப் பத்திரிகையான ‘விமோசனம்’. 1930-களின் தொடக்கத்தில் எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னுக்கு வந்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். எனக்குச் சுவையாகப் படுவது விகடனில் நடந்தது.

விகடனில் ‘ஆடல் பாடல்’ என்று ஒரு பகுதி. அதைக் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதினார். பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. சங்கீதத்துக்கும் கர்நாடகம் என்று பெயர். பழம்பஞ்சாங்க ஆசாமியையும் அந்தக் காலத்தில் ‘சுத்தக் கர்நாடகம்’ என்றுதான் சொல்வார்கள். சங்கீதம் என்றால் ராகம், தாளம் அறிந்த வித்துவான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமாசாரம் என்றிருந்த நாள் அது. மியூசிக் அகாடமியே 1928-ல்தான் ஏற்பட்டது. சபாவில் டிக்கெட் வாங்கி உட்காரும் கூட்டம் புதிது. ஆபீஸ் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் அதில் இருந்தார்கள். பிடித்திருக்கிறது, ஆனால் ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாத அந்த ரசிகருக்காகக் கல்கி எழுதினார். தானும் அவர்களில் ஒருவர் என்ற பாவனையில், நகைச்சுவையோடு, வீட்டில் பேசுகிற தமிழில். பெரிய வித்துவான் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடவும் மாட்டார்.

அவர் எழுதிய காலமும் சாதாரணக் காலமல்ல. தேவதாசிகளின் கலையான சதிரைத் தடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம், கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று மறுபக்கம், 1932-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இ. கிருஷ்ணையருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. அந்தக் கலை மேடையேற வேண்டும் என்பது கல்கியின் கட்சி. பாலசரஸ்வதியின் ஆட்டத்தை அவர் மனம்விட்டுப் பாராட்டினார்.

தமிழிசைப் போர் அதைவிடக் கடுமையானது. கச்சேரியில் மூன்று மணி நேரம் பாடிவிட்டு, கடைசியில் எழுந்து போகிறவர்களுக்காகத் துக்கடாவாக ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு என்பதே வழக்கமாக இருந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாட்டுகளை வளர்க்க நிதி கொடுத்தார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. சங்கீதத்துக்கு மொழி எதற்கு, தரம் தாழ்ந்துவிடும் என்று எதிர்த்தவர்கள், கல்கி தினம் சந்தித்துப் பேசும் சங்கீத உலகத்துப் பெரியவர்கள். கேட்கிறவனுக்குப் பொருள் புரிந்தால் பாட்டு அவன் மனதில் தங்கும் என்று கல்கி விடாமல் எழுதினார். இன்று டிசம்பர் கச்சேரிகளில் பாபநாசம் சிவனும் கோபாலகிருஷ்ண பாரதியும் நடுவிலேயே வருகிறார்கள் என்றால், அதில் இந்த எழுத்துக்கும் பங்கு உண்டு.

கல்கியிடம் குறையே இல்லையா? இருந்தது. பாரதியை உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்று 1930-களில் வாதாடினார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பதில் எழுதினார்கள். அது ‘கண்ணன் என் கவி’ என்று புத்தகமாகவே வந்தது. அந்த வாதத்தில் வென்றது அவர்கள்தான் என்பது என் எண்ணம். ஆனால் அதே கல்கிதான் வாசகர்களிடம் நிதி திரட்டி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1945-ல் அடிக்கல், 1947-ல் திறப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடுத்தவர் படங்களைக் கிண்டல் செய்தவரே சினிமாவுக்குக் கதை கொடுத்தார். கே. சுப்ரமண்யம் எடுத்த ‘தியாக பூமி’ (1939) அவர் கதை. படம் தயாராகும்போதே படக்காட்சிகளுடன் விகடனில் தொடராக வந்தது. படத்தை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. 1941-ல் விகடனை விட்டு விலகி, டி. சதாசிவத்துடன் ‘கல்கி’ பத்திரிகையை ஆரம்பித்தார். அதற்கு முதல் சேர்க்கவே எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். பத்திரிகைக்கு ஆதாரமாக இருந்தவரே நாட்டின் பெரிய பாடகி என்றால், ஆசிரியர் சங்கீத விமர்சனத்தில் எவ்வளவு நடுநிலையாக இருக்க முடியும்? இன்றைய வாசகர் கேட்கத்தான் செய்வார். கேட்க வேண்டிய கேள்விதான்.

பயணம் அவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது மனதில் விழுந்த விதைதான், பல ஆண்டுகள் கழித்து 1944-ல் ‘சிவகாமியின் சபதம்’ ஆகத் தொடராக வந்தது. ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு அஜந்தா போனார், இலங்கை போனார். இலங்கைப் பயணத்தைப் பற்றித் தனியே எழுதியும் இருக்கிறார். ‘பொன்னியின் செல்வ’னில் அநுராதபுரத்து வீதிகள் வரும் இடத்தை இப்போது எடுத்துப் படித்துப் பாருங்கள்; நேரில் போய்ப் பார்த்த கண் தெரியும். அதுபோல, சிவகாமியின் நடன அரங்கேற்றத்தை எழுதியிருப்பது, எத்தனையோ மாலை சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ‘கர்நாடகம்’தான்.

1954-ல் ‘பொன்னியின் செல்வ’னை முடித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, சென்னையில் கச்சேரிகள் தொடங்கும் நேரத்தில், 55-வது வயதில் காலமானார். பாதியில் நின்ற ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். 1999-ல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டதால், நாவல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சங்கீதக் கட்டுரைகளைத்தான் கொஞ்சம் தேட வேண்டும். சபா கான்டீன் வரிசையில் நிற்கும்போது படிக்க அதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.