இந்த வீட்டில் எத்தனை பேர்?

வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லும் கேள்வி. 1997 மே மாதம் ஆக்லாந்தில் அது ஒரு கொள்ளைநோயைத் துரத்திக்கொண்டு புறப்பட்டது.

1991 முதல் நியூசிலாந்தில் மெனிங்கோகாக்கஸ் கிருமி பரவிவந்தது. காலையில் காய்ச்சல், இரவுக்குள் உயிருக்கே ஆபத்து என்கிற வகை. அதிகம் அடிபட்டவர்கள் மாவோரி, பசிபிக் தீவுக் குழந்தைகள். "அவர்கள் வாழ்கிற விதம் அப்படி" என்று சொல்லிவிட்டு நகர்வது எந்த ஊரிலும் சுலபம். ஆய்வாளர் மைக்கேல் பேக்கரின் குழுவினர் நகரவில்லை. நோயுற்ற, எட்டு வயதுக்குட்பட்ட 202 குழந்தைகளின் விவரங்களை நோய் வராத 313 குழந்தைகளின் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். இந்த இரண்டாவது பட்டியல்தான் ஆய்வின் உயிர். நோய் கண்ட வீட்டை மட்டும் பார்த்தால் அங்கிருப்பதெல்லாம் காரணமாகத்தான் தெரியும். வயது, இனம், பொருளாதார நிலை எல்லாம் கழித்துப் பார்த்தபிறகும் நெரிசல் அசையாமல் நின்றது.

எண்ணிய விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எல்லாத் தலைகளையும் எண்ணாமல், அறைக்குப் பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தெம்பாக நடமாடுவது பெரும்பாலும் பதின்வயதினரும் பெரியவர்களும்தானே. ஆறு அறை வீட்டில் அப்படி இருவர் கூடினால் குழந்தைக்கு ஆபத்து இரட்டிப்பு. 2000-இல் இது அச்சேறியது.

அந்த இருவர் ஏன் வந்தார்கள்? 1990களில் அரசு வீடுகளின் வாடகையைச் சந்தை விலைக்கு ஏற்றியிருந்தார்கள். கட்டமுடியாதவர்கள் உறவினர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் புகுந்தார்கள். 2000 டிசம்பரில் வாடகை மீண்டும் வருமானத்தின் கால்பங்கை ஒட்டி வந்தது. அது தேர்தல் வாக்குறுதி; அதையும் ஆய்வின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

2001-இல் தொடங்கிய 'ஆரோக்கிய வீட்டுத் திட்டம்' வேறு கதை. ஓட்டாரா, மாங்கெரே, ஒனிஹங்கா பகுதிகளில் செவிலியரும் வீட்டுவசதி ஊழியரும் சேர்ந்தே அரசு வீடுகளுக்குப் போனார்கள். அதே கேள்வி, ஆனால் இப்போது கேட்டவர்களால் அறை கூட்டிக் கட்டவும், குளிர் புகாமல் சுவரைக் காக்கவும், பெரிய வீட்டுக்கு மாற்றவும் முடிந்தது.

2004-இல் வந்த தடுப்பூசிக்குத்தான் பேர் அதிகம். அது ஒரே கிருமி வகைக்கானது. வீட்டுத் திட்டம் நுழைந்த வீடுகளிலோ சிறுவர்களும் இளைஞர்களும் அவசரமாக மருத்துவமனையில் சேர்வதே குறைந்ததென்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு வீட்டுப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் இணைத்துப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.