வீடும் அது நிற்கும் நிலமும்

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வீடு. வீட்டின் விலையைப் பற்றியோ வீட்டுக் கடனைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. ஒரு வீடு தான் நிற்கும் நிலத்தோடு எப்படி ஒத்துப்போகிறது, ஒத்துப்போகாவிட்டால் அதில் வாழ்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை வரலாற்றின் துணையோடு பார்க்கப் போகிறோம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கும், இனிக் குடிபெயரப் போகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் நம் நாட்டின் தட்பவெப்பத்தைக் கவனிப்போம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது கூரை. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் எஞ்சியதை வாங்கிக்கொள்கின்றன. ஆண்டு மழை சுமார் 2,500 மில்லிமீட்டர். காற்றோ பெரும்பாலான நாட்களில் மெதுவாகவே வீசுகிறது. காற்றில் ஈரம் மிகுதி. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு வீடு செய்ய வேண்டிய வேலைகள் நான்கு. வெயிலைத் தடுக்க வேண்டும்; மழையை விரைவாக வடிக்க வேண்டும்; தரையின் ஈரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும்; வரும் சிறு காற்றையும் உள்ளே விட வேண்டும்.

இந்த நான்கையும் நன்றாகச் செய்தது பழைய மலாய்க் கம்பத்து வீடு. அது தரையில் உட்காராமல் தூண்களின் மேல் நின்றது. வெள்ளம் வந்தால் தண்ணீர் கீழே ஓடிவிடும். பாம்பு பூச்சிகள் எளிதில் ஏறுவதில்லை. பலகைத் தரையின் கீழும் காற்று ஓடும். கூரை செங்குத்தாக இறங்கி, சுவரைத் தாண்டி நீண்டு, வெயிலையும் சாரலையும் தடுத்தது. நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை பகலில் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. சூரியன் சாய்ந்ததும் வீடு குளிர்ந்துவிடும். கூரையின் முக்கோண முகப்பில் துளையிட்ட பலகை வைத்து, மேலே ஏறும் சூடான காற்று வெளியேற வழி செய்தார்கள். வீட்டின் நடுப்பகுதிக்கு ‘ஈபு ரூமா’ என்று பெயர். ‘ஈபு’ என்றால் தாய். குடும்பம் பெருகப் பெருக, அந்தத் தாய்ப்பகுதியைச் சுற்றி மற்றப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டியதால் அந்த வீட்டைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டவும் முடிந்தது. சில கம்பங்களில் ஊரார் கூடி, முழு வீட்டையும் தோளில் தூக்கிப் புதிய இடத்தில் வைத்ததும் உண்டு. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர்கள் அல்லர். மழையையும் ஆற்றையும் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பழகியவர்கள்.

இனி நம் லயத்து வீட்டுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகமாகப் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்காக நீண்ட லயங்கள் எழும்பின. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். சில லயங்கள் தூண்களின் மேல் நின்றன. சில தரையோடு கட்டப்பட்டன. கூரை முதலில் அத்தாப்பு, பிறகு தகரம். இந்த அமைப்பை முடிவு செய்தது வெயிலும் மழையும் அல்ல, தோட்டத்தின் வேலைமுறைதான். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் விரைவாகக் கூட வேண்டும். கங்காணியும் கிராணியும் எண்ணிக்கை எடுக்க வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். இவற்றுக்கு ஏற்றது நீண்ட வரிசை.

அதே தோட்டத்தில் துரை பங்களா எங்கே இருந்தது என்று நம் பெரியவர்களைக் கேட்டால் போதும். பெரும்பாலும் மேட்டில் இருந்தது. சுற்றிலும் தாழ்வாரம், உயர்ந்த கூரை, நான்கு பக்கமும் சன்னல்கள். நிலத்துக்கேற்ற வீடு எது என்பது தோட்டத்தை நடத்தியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த அறிவு லயத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் உண்மை.

இதனால் வந்த பெரிய இழப்பு மலேரியாக் காய்ச்சல். புதிதாகக் காடு வெட்டிய தோட்டங்களில் அந்தக் காய்ச்சலால் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். இங்கேதான் மால்கம் வாட்சன் என்ற மருத்துவரின் பணியை நாம் நினைக்க வேண்டும். அவர் 1901-இல் கிள்ளான் மாவட்டத்துக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வாட்சன் கிள்ளான் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். புதரையும் காட்டையும் அகற்றச் செய்தார். கிள்ளான் நகரவாசிகளில் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901-இல் 334 பேர். 1903-இல் அந்த எண்ணிக்கை 48 ஆகக் குறைந்தது.

பிறகு அவர் தோட்டங்களைக் கவனித்தார். கடலோரச் சமநிலத் தோட்டங்களில், காடும் சதுப்பும் லயத்திலிருந்து சுமார் அரை மைல் விலகிப்போனால் காய்ச்சலும் போய்விடுவதைக் கண்டார். அதாவது, வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதே உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் இதே முறை பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டிய பிறகும் காய்ச்சல் குறையவில்லை; சில இடங்களில் கூடியது. காரணம் என்ன? கடலோரத்துக் கொசு வேறு, மலைக் கொசு வேறு. கடலோரக் கொசு நிழலான சதுப்பு நீரில் முட்டையிடும். மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டினால், அந்தக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாகும். ஆகவே மலைத் தோட்டங்களில் ஓடை நீரைப் பூமிக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார்கள். 1914-ஆம் ஆண்டிலிருந்து நீர்நிலைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது. ஒரு நிலத்துக்கு மருந்தாக இருப்பது இன்னொரு நிலத்துக்கு நோயாகலாம் என்பதை நம் தோட்டங்களின் வரலாறே காட்டுகிறது. வீடு கட்டுவதற்கும் இது பொருந்தும்.

துரைமார்கள் தராததை நம் முன்னோர்கள் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லயத்தின் முன்னே சாய்ப்பு இறக்கி அஞ்சடி அமைத்தார்கள். ‘அஞ்சடி’ என்ற இந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். மலாய் மொழியில் அது ‘காக்கி லீமா’, அதாவது ஐந்தடி ஆயிற்று. நம் பேச்சில் அது அஞ்சடி. வெயிலும் மழையும் நேரே வீட்டுக்குள் புகாமல் தடுத்த அந்த இடத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் பேசினார்கள், நல்லதும் கெட்டதும் நடந்தன. வீட்டுப் பக்கத்தில் முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். அவை குழம்புக்கும் ஆயின, சுவருக்கு நிழலும் தந்தன.

நாடு விடுதலை பெற்ற பிறகு சட்டங்களும் வந்தன. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 1990-இல் விரிவான சட்டம் வந்தது. குழாய் நீர், மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவை தோட்ட முதலாளியின் கடமைகள் ஆயின.

இதே காலத்தில் நகரங்களில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. தோட்டங்கள் தாமான்களாக மாறின. சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. பல இடங்களில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, எல்லா நிலத்தையும் ஒரே மட்டமாக்கி, ஒரே மாதிரி வரிசை வீடுகளைக் கட்டினார்கள். செங்கல்லும் காங்கிரீட்டும் பகல் வெயிலைக் குடித்து, இரவில் அதை வீட்டுக்குள்ளேயே விடுகின்றன. அந்தப் புழுக்கத்தைப் போக்கக் குளிர்சாதனம் தேவைப்படுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது.

இந்தப் போக்கு சரிதானா என்று நம் நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் சிலர் 1980-களில் கேட்கத் தொடங்கினார்கள். கென் யாங் என்பவர் அம்பாங்கில் தமக்காகக் கட்டிய வீடு அவற்றுள் ஒன்று. வீட்டின் கூரைக்கு மேலே குடைபோல இன்னொரு கூரை. அதில் சாய்த்து வைத்த பட்டைகள் சூரியனின் போக்கைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. உள்ளே வரும் காற்று முதலில் குளத்து நீரின் மேல் தவழ்ந்து குளிர்ந்து வரும்படி குளத்தை வைத்தார். இதனால் அதற்குக் ‘கூரைமேல் கூரை வீடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வந்தது.

இன்னொருவர் ஜிம்மி லிம். அவர் வரைந்த சாலிங்கர் இல்லம் சிலாங்கூரில் பாங்கிக்கு அருகே ஒரு குன்றின் மேல் நிற்கிறது. அந்த நிலம் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்தது என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. 1992-இல் கட்டி முடிந்த அந்த வீட்டுக்காகக் குன்றை வெட்டிச் சமப்படுத்தவில்லை. கனரக இயந்திரங்களைக் கொண்டுவந்து மண்ணைக் கிளறவில்லை. ‘செங்கால்’ என்னும் உறுதியான மரத்தைப் பழைய மலாய்த் தச்சு முறையில் பொருத்தி, தூண்களின் மேல் வீட்டை நிறுத்தினார்கள். நீண்ட கூரை, திறந்த பக்கங்கள், அடியில் ஓடும் காற்று எல்லாம் கம்பத்து வீட்டின் பாடங்கள். இந்த வீட்டுக்கு 1998-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதே விருதை 2004-இல் பெற்றது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். வானளாவிய கோபுரத்துக்குக் கிடைத்த மதிப்பு, குன்றைக் கெடுக்காமல் நின்ற ஒரு மரவீட்டுக்கு முன்னரே கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட வீடுகள் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று நேயர்கள் கேட்கலாம். செங்கால் மரம் விலை உயர்ந்தது. அது நமக்கு எட்டாது. ஆனால் அந்தக் கட்டடக்கலைஞர்கள் நிலத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்குப் பணம் தேவையில்லை. அவற்றை நாமும் கேட்கலாம்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது? மேற்குப் பார்த்த சுவராக இருந்தால் அங்கே ஒரு சாய்ப்போ ஒரு மரமோ வேண்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறதா? சமையலறையைப் பின்பக்கம் நீட்டும்போது பின் சன்னலை அடைத்துவிட்டால், காற்றின் வழியையும் அடைத்துவிட்டோம் என்று பொருள். மழைநீர் எங்கே போகிறது? வாசல் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டால் மண் குடிக்க வேண்டிய நீர் வடிகாலுக்கே போகும். வடிகால் நிரம்பினால் வீட்டுக்கே திரும்பும். தகரக் கூரையானால் அடியில் வெப்பம் தடுக்கும் தாள் இருக்கிறதா? கடைசியாக, நிலம் வெட்டியதா, நிரப்பியதா, மலையடிவாரமா?

இந்தக் கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. 1993 டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் தொடர்மழைக்குப் பின் சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பின்னால் இருந்த குன்றில் நீர் சரியாக வடியவில்லை. மண்ணைத் தாங்கிய சுவர்கள் தாங்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் பலர் வசதி உள்ளவர்கள். நிலத்தை மறந்து கட்டினால், பணமும் காப்பாற்றாது.

தோட்டங்கள் விற்கப்படும்போதும் மாற்று வீடு பற்றிப் பேச்சு நடக்கும்போதும் நம் மக்கள் எத்தனை அறை, எவ்வளவு விலை என்று கேட்கிறார்கள். அவை கேட்க வேண்டியவைதான். அவற்றோடு எந்த இடம், மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருக்கும், வீடு எந்தத் திசை பார்க்கிறது, மரம் வைக்க மண் மிஞ்சுமா என்றும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நல்ல மழை பெய்த மறுநாள் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்து வருவது நலம். வீட்டில் உள்ள பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். பல ஆண்டுகள் தோட்டத்து மண்ணில் நடந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.