காளத்தியின் பெயரில் ஒரு கடலை நோய்

திருத்தணி வட்டாரம் 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து அதனோடு சேர்க்கப்பட்டு, 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அங்கேயே தங்கி, ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும், எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த வரலாறு இதுவரை மொழியின் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. உழவின் கணக்கில் பார்த்தால், எல்லைக்கோடு விழுந்த பிறகும் அதன் இருபுறமும் மணற்பாங்கான செம்மண்ணும், அந்த மண்ணில் மானாவாரியாகவும் கிணற்றுப் பாசனத்திலும் விளைந்த வேர்க்கடலையும் மாறவில்லை. ஆகவே, திருத்தணிக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், தமிழர் திருக்காளத்தி என்று வழங்கும் காளஹஸ்தியின் கடலை வயல்களில் 1975–76இல் தென்பட்ட ஒரு நோயின் வரலாறு, திருத்தணிக்கும் அண்டை வீட்டுச் செய்தியே ஆகும்.

வேர்க்கடலை தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர் என்பதையும் அது கடல்வழி வந்தது என்பதையும், மணிலாக் கொட்டை, மல்லாட்டை என்று வட தமிழக மக்கள் இட்ட பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலை கப்பலேறத் தொடங்கியபின், ஆர்க்காட்டுச் சீமையின் மேட்டுநிலங்களில் அது பணப்பயிராக வேரூன்றியது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் கொத்துக்கடலை இரகம், மாவட்ட எல்லைகளையும் பின்னர் மாநில எல்லைகளையும் கடந்து பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. ஒரே பயிர் ஆண்டுதோறும் அதே மண்ணில் விதைக்கப்படும்போது, அப்பயிரை உண்டு வாழும் உயிர்களும் அம்மண்ணில் பெருகும் என்பதை அக்காலத்தில் எவரும் பெரிதாகக் கருதவில்லை.

காளஹஸ்திப் பகுதியில் கண்ட நோயில் செடி வாடிச் சாகவில்லை. இலைகள் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்க, செடி மட்டும் குட்டையாக நின்றது. பூ கருவுற்றபின் மண்ணை நோக்கி நீளும் காம்பை உழவர் விழுது என்பர். அந்த விழுது மண்ணுள் இறங்கி நுனி பருக்கும் நிலையில், அதன்மீதும் இளங்காயின் ஓட்டின்மீதும் பழுப்பு கலந்த மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று கூடி, அறுவடைக்குள் ஓடு முழுவதும் கறுத்துப் போனது. அத்தகைய காயை உடைத்தால் உள்ளிருக்கும் பருப்பில் அழுகலோ நிறமாற்றமோ இராது, சிறுத்து மட்டும் இருக்கும். உழவனின் கண்ணை ஏமாற்றியது இந்த முரண்தான் என்று சொல்லலாம். செடியைப் பிடுங்கும் நாள்வரை வயலின் பசுமை நம்பிக்கை தந்தது. பிடுங்கிய நாளில், கறுத்த ஓட்டுக்குச் சந்தையில் விலை இல்லை.

டி.டி.ஆர். ரெட்டியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய்க்குக் காரணம் டைலென்கோரிங்கஸ் பிரெவிலினியேட்டஸ் என்னும் நூற்புழு என்று நிறுவியது. மண்ணில் வாழும் நூற்புழு என்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய, நூல்போல் மெலிந்த, கண்ணுக்குப் புலப்படாத உயிராகும். பயிரை உண்ணும் இனங்களுக்கு வாயில் ஊசிபோன்ற ஒரு குழல் உண்டு. அதனால் வேரணுவைத் துளைத்து, உமிழ்நீரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. வேருக்குள் குடிபுகுந்து கத்தரி, தக்காளி வேர்களை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்பவை அக ஒட்டுண்ணிகள். மண்ணில் இருந்தபடியே வெளியிலிருந்து உறிஞ்சுபவை புற ஒட்டுண்ணிகள். காளஹஸ்திப் புழுவின் இனம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. காய் மண்ணுக்குள் முதிரும் பயிர் என்பதால், வேரோடு நின்றிருக்கக்கூடிய சேதம் விளைச்சலையே நேராகத் தொட்டது.

பயிரை உண்ணும் நூற்புழுக்களைப் பற்றிய அறிவு புதிதன்று. கோதுமை மணியில் உருவான கழலைக்குள் நூற்புழுக்கள் இருப்பதை இங்கிலாந்தின் நீதம் பாதிரியார் 1743இலேயே கண்டார். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளரும், பிற்காலத்தில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவருமான சி.ஏ. பார்பர், நீலகிரியின் தேவாலாவில் தேயிலை வேரை முடிச்சிடச் செய்த நூற்புழுவை 1901இல் பதிவு செய்தார். இந்தியாவின் முதல் பதிவு அதுவே. உதகைக்கு அருகில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவை ஆங்கிலேய அறிஞர் ஜோன்ஸ் 1961இல் கண்டபின், விதைக்கிழங்குக்குத் தடையும், 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா என்னும் எதிர்ப்பு இரகமும் வந்தன. மலைத்தோட்டப் பயிர்களின் வேரை உருப்பெருக்கியில் பார்க்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, சமவெளிச் சிறு உழவரின் கடலைக் காய் அந்தக் கருவியின் கீழ் வைக்கப்பட்டது. இந்தத் தாமதத்துக்கு அறிவின் குறை காரணமன்று. எந்தப் பயிரின் இழப்பு கணக்கில் ஏறியது என்பதே காரணம்.

இந்நோயின் வரலாற்றில் மருந்தின் வரலாறும் அடங்கும். கார்போஃபியூரான், ஃபோரேட் ஆகிய குருணை மருந்துகள் நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டன. இவற்றுள் ஃபோரேட்டின் பயன்பாடு 2020 இறுதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பல, நுண்ணுயிரிகளையும் பூஞ்சைகளையும் தின்று, அவற்றில் அடைபட்டிருக்கும் தழைச்சத்தைப் பயிருக்கு விடுவிப்பவை. நஞ்சுக்கு நல்லது கெட்டது தெரியாது. பகையோடு துணையையும் சேர்த்தே அது கொல்கிறது. திருப்பதியில் உருவான திருப்பதி-3 போன்ற எதிர்ப்புத்திறனுள்ள இரகங்களும், பயிர்ச் சுழற்சியும், கோடை உழவும், வேப்பம் புண்ணாக்கும் மண்ணை மண்ணாகவே விட்டுவைக்கும் வழிகள் என்பதால் அவையே மேலானவை.

கடலை பயிரிடுவோர் அறுவடை நாள்வரை காத்திராமல், விழுது இறங்கியபின் வயலின் நான்கைந்து இடங்களில் செடியைப் பிடுங்கி, வேரையும் இளங்காயையும் கழுவிப் பார்க்க வேண்டும். வேரின் பக்கவாட்டில் ஒட்டி, விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிபவை தழைச்சத்து தரும் நல்ல முண்டுகள். வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராதவை அக ஒட்டுண்ணி நூற்புழுக்களின் முடிச்சுகள். காளஹஸ்திப் புழு முடிச்சிடாது; அதற்கு விழுதிலும் இளங்காயிலும் புள்ளிகளைத் தேட வேண்டும். ஐயம் எழுந்தால் வேரடி மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். உரச்சத்து ஆய்வுக்கு மண்ணை உலர்த்தி அனுப்பும் வழக்கத்தை இதற்குப் பின்பற்றக் கூடாது. ஈரம் குறையாமல் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டு சேர்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் புழு செத்துவிடும். செத்த புழு ஆய்வில் அகப்படாது.