மருந்து கொடுக்கும் உரிமை யாருக்கு? - லீப்சிக் நகரத்து ஹோமியோபதி வழக்கு

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் வகுத்த முறை. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு, உடனிருந்து அம்மருந்தைப் பிழையின்றி இயற்றுபவனும் நான்காவதாக எண்ணப்படுகிறான். தமிழகத்துச் சித்த வைத்தியர்கள் தாமே மூலிகை தேடி, தாமே அரைத்து, தாமே மருந்து கொடுத்து வந்தனர். ஐரோப்பாவிலோ மருத்துவர் தொழிலும் மருந்தாளர் தொழிலும் முன்னரே பிரிந்துவிட்டன. 13-ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் சட்டம் இப்பிரிவினைக்கு வழிகோலியது. சீட்டு எழுதுபவரே மருந்தையும் விற்றால், நோயாளியின் நலத்தைவிடத் தம் இலாபமே அவருக்குப் பெரிதாகிவிடக்கூடும் அன்றோ!

இந்தப் பழைய பிரிவினையோடு மோதியதன் வரலாறே ஹோமியோபதியின் தொடக்ககால வரலாறு எனலாம்.

மருந்தாளருக்கு நூல் எழுதியவர்

ஹோமியோபதியை நிறுவிய சாமுவேல் ஹானிமன், ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான சாக்சனியில், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன மைசன் நகரில் 1755-இல் பிறந்தார். 1779-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1782-இல் அவர் மணந்த பெண், மருந்தாளர் ஒருவரின் வீட்டில் வளர்ந்தவர். 1793 முதல் 1799 வரை அவர் எழுதி வெளியிட்ட 'மருந்தாளர் அகராதி' சரக்குகளின் இயல்பையும் அவற்றைப் பக்குவப்படுத்தும் முறையையும் விளக்கும் நூலாகும். பிற்காலத்தில் மருந்தாளர்களின் பெரும் பகைவர் எனப் பெயரெடுத்தவர், முதலில் அவர்களுக்கே நூல் எழுதிய அறிஞர் என்பதை மறத்தலாகாது.

1790-இல் மருத்துவ நூல் ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தபோது, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிங்கோனாப் பட்டையை அவர் தாமே உண்டு பார்த்தார். அக்காய்ச்சலின் குறிகள் தம் உடலில் தோன்றியதாக எழுதினார். நோயைப் போன்ற குறிகளை உண்டாக்கும் பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1796-இல் அதைக் கட்டுரையாகவும், 1810-இல் 'ஆர்கனான்' என்னும் நூலாகவும் வெளியிட்டார்.

வழக்கும் தீர்ப்பும்

1811-இல் ஹானிமன் லீப்சிக் நகரில் குடியேறினார். அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தியதோடு, தாமே தயாரித்த மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்தும் வந்தார். நகரத்து மருந்தாளர்கள் 1819-இல் இதனை எதிர்த்து முறையிட்டனர். மருந்து தயாரித்து வழங்குவது சட்டப்படி தங்களுக்கே உரியது என்பது அவர்கள் வாதம்.

ஹானிமன் கூறிய மறுமொழி கூர்மையானது. பல சரக்குகளைக் கலந்து செய்யும் மருந்துகளுக்கே அச்சட்டம் பொருந்தும். தாம் கொடுப்பதோ ஒரே சரக்கு. அதன் அளவு மிகச் சிறிது ஆதலால் அதற்கு விலை வைப்பதும் அரிது. மேலும், மருந்தாளர் கவனமாகச் செய்தாரா இல்லையா என்று கண்டறிய வழியில்லாத மருந்தைப் பிறர் கையில் ஒப்படைப்பது எங்ஙனம்?

எனினும் 1820-இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. மறு ஆண்டு கோத்தன் நாட்டுக் கோமகன் பெர்டினாண்டு, தம் நாட்டில் மருந்தைத் தாமே வழங்கிக்கொள்ள இசைவு அளிக்கவே, ஹானிமன் அங்குச் சென்றார். 1835-இல் பாரிஸ் சென்ற அவர் 1843-இல் அந்நகரிலேயே காலமானார்.

கடைக்குத் திரும்பிய மருந்து

ஹானிமன் மறைந்த அதே 1843-இல், தனித் தேர்வு எழுதித் தேறிய ஹோமியோபதி மருத்துவர்கள் தாமே மருந்து வழங்கலாம் எனப் பிரஷ்ய அரசாங்கம் விதி செய்தது. ஆயினும் காலப்போக்கில் ஹோமியோபதி மருந்து தயாரிப்பு மருந்தாளர் கைக்கே வந்து சேர்ந்தது. வில்மார் சுவாபே என்பார், முன்னர் வழக்கு நடந்த அதே லீப்சிக் நகரில் 1866-இல் தயாரிப்பு நிலையம் தொடங்கினார்; 1872-இல் பல மொழிகளில் ஹோமியோபதி மருந்து நூலும் வெளியிட்டார். இன்று ஜெர்மனியில் இம்மருந்துகளை மருந்துக் கடைகளில் மட்டுமே விற்கலாம் என்பது சட்டம்.

ஆனால் ஹானிமன் எழுப்பிய கேள்வி தீரவில்லை. மருந்துச் சாறு ஒரு பங்கோடு சாராயம் 99 பங்கு சேர்த்துக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் அவ்வாறே செய்வது நூற்றுப்படி முறை. 12 படிகளைக் கடந்தால் மூலச் சரக்கின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருத்தல் அரிது. ஹானிமனோ 30 படிவரை சென்றார். மூலக்கூறின் அளவை லோஷ்மிட் என்னும் அறிஞர் முதன்முதலாகக் கணக்கிட்டது 1865-இல்தான்.

இரத்தம் வடித்தும் பாதரசத்தை அள்ளிக் கொடுத்தும் நோயாளியை வாட்டிய காலத்தில், ஹோமியோபதியின் தீங்கற்ற தன்மை பலரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. இன்றைய நிலை வேறு. ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆய்ந்த ஆஸ்திரேலிய அரசு மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என 2015-இல் அறிவித்தது. 2017-இல் இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை, இம்மருந்துகளை எழுதிக்கொடுக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. பிரான்சு, 2021 முதல் இவற்றுக்குக் காப்புறுதிப் பணம் தருவதை நிறுத்தியது.

லீப்சிக் மருந்தாளர்கள் உரிமைக்காக வழக்காடி வென்றனர். உரிமை சென்ற இடத்துக்குப் பொறுப்பும் செல்லுதல் முறை. புட்டியில் இருப்பது இன்னது, அது செய்யக்கூடியது இவ்வளவு என்று வாங்குபவருக்கு உண்மையுரைக்கும் கடமை, அவர்கள் வழிவந்தோர் தலைமேல் உள்ளது. மருந்தைப் பிழையின்றி இயற்றுதல் என்பது அளந்து ஊற்றுவதோடு முடிந்துவிடுவதன்று.