நெய்வேலி நிலக்கரியும் நுண்ணுயிர் உரமும்: ஒரு தாங்கிப் பொருளின் வரலாறு

முன்னுரை

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள காடாம்புலியூர், முந்திரியும் பலாவும் நிலக்கடலையும் விளையும் செம்மண் பகுதியைச் சார்ந்த ஊராகும். இவ்வூரை அடுத்துள்ள நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, மின்னாக்கத்திற்குரிய எரிபொருளாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. அதே நிலக்கரி பொடியாக்கப்பட்டு, உயிருள்ள பாக்டீரியாக்களைச் சுமந்து உழவர்தம் வயலை அடைந்த வரலாறு போதிய கவனம் பெறவில்லை. நுண்ணுயிர் உரத்தின் வரலாற்றை நுண்ணுயிரின் வரலாறாக மட்டுமன்றி, அதனைத் தாங்கிய பொருளின் வரலாறாகவும் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வேர்முடிச்சும் ஆய்வுக்கூடமும்

பயறு வகைகளை மாற்றிப் பயிரிடுவதும், கொழிஞ்சி, அவுரி போன்றவற்றை மடக்கி உழுவதும் தமிழக உழவர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறைகள். இவற்றின் பயனுக்குரிய காரணத்தை அறிவியல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளக்கியது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயன்படுத்த உதவுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். 1888இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைத் தனித்துப் பிரித்தார். 1890களில் ஐரோப்பாவில் அது வணிகப் பொருளாயிற்று. இந்தியாவில் என்.வி. ஜோஷி 1920இல் இத்துறை ஆய்வைத் தொடங்கி வைத்தார்.

தாங்கிப் பொருள் என்னும் சிக்கல்

நுண்ணுயிரைக் கண்டறிவதைக் காட்டிலும் அதனை உயிருடன் வயலுக்குக் கொண்டு செல்வதே கடினமாக இருந்தது. யூரியா மூட்டை மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் உரமாகவே இருக்கும். நுண்ணுயிர் உரமோ வெப்பத்தாலும் வறட்சியாலும் நாளுக்கு நாள் மடியும். எனவே ஈரத்தைத் தேக்கி, நுண்ணுயிருக்கு நஞ்சாகாத, மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. மேலைநாடுகள் பீட் என்னும் கரிமண்ணைப் பயன்படுத்தின. இந்தியாவில் அது நீலகிரி போன்ற சில இடங்களிலேயே கிடைத்தது.

நெய்வேலி நிறுவனம் 1956இல் உருவாகி, 1957இல் சுரங்கப் பணி தொடங்கி, 1962இல் நிலக்கரி வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், ரைசோபியத்திற்கு நிலக்கரியைத் தாங்கியாகப் பயன்படுத்துவது குறித்துக் கந்தசாமி, பிரசாத் ஆகியோரின் ஆய்வுக் குறிப்பு 1971இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. செய்முறை எளியது: நிலக்கரியை நுண்பொடியாக்கி, அதன் அமிலத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டால் சமன்செய்து, நீராவியில் தூய்மைப்படுத்தி, நுண்ணுயிர் வளர்ப்பு நீர்மத்தைக் கலந்து பொட்டலமிடுதல். மின்னிலையத்தில் எரிந்து சாம்பலாகும் பொருளே இங்கு உயிருக்கு உறைவிடமாயிற்று.

வயலை அடைந்த பொட்டலம்

இதன் பின்னர் 200 கிராம் பொட்டலம் தமிழக வேளாண் விரிவாக்கத்தின் பழக்கமான அடையாளமாயிற்று. பயறுக்கும் நிலக்கடலைக்கும் ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைக்கப் பாஸ்போபாக்டீரியா எனப் பயன்பாடு விரிந்தது. அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைநேர்த்தி செய்தல், நாற்றின் வேரை நனைத்தல், எக்டருக்குப் பத்துப் பொட்டலங்களைத் தொழுவுரத்துடன் கலந்து இடுதல் ஆகியன பரிந்துரைக்கப்பட்டன. 1983இல் நடுவண் அரசு தேசிய உயிர் உரத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆயினும் பொட்டலத்தின் கருநிறப் பொடியைக் கண்டு அதில் உயிர் உள்ளதா என உழவரால் அறிய இயலாது. நுண்ணுயிர் மடிந்த பொட்டலத்தை இட்டவர் பயன் காணாதபோது, பழி தரக்குறைவின் மேல் அன்றி அறிவியலின் மேலேயே விழுந்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் 2006இல்தான் சேர்க்கப்பட்டன. தாங்கி வகை உரத்தில் கிராமுக்கு ஐந்து கோடி உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும் என்பது அதன் அளவுகோல். பிற்காலத்தில் நீண்ட நாள் தாங்கும் திரவ வடிவம் பரவியதால் நிலக்கரிப் பொடியின் இடம் சுருங்கியது.

சுரங்கமும் மேல்மண்ணும்

இவ்வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. நிலக்கரியை அடைய அதன்மேல் படிந்த பெருந்திரளான மண்ணை அகற்ற வேண்டும். உயிர்வளம் மிக்க மேல்மண் அடிமண்ணோடு கலந்து மேடாகக் குவியும்போது, கரிமச் சத்தும் நுண்ணுயிர்க் கூட்டமும் சிதைகின்றன. அம்மேடுகளில் மரம் வளர்க்கத் தொழுவுரம், வேர்ப்பூஞ்சை, நைட்ரசனை நிலைநிறுத்தும் பாக்டீரியா ஆகியவற்றை மீண்டும் ஊட்ட வேண்டியுள்ளது. பிற மாவட்ட வயல்களுக்கு உயிரைச் சுமந்து சென்ற நிலக்கரி, தான் வெளிவந்த நிலத்தின் உயிரை இழக்கச் செய்தே வெளிவந்தது.

முடிவுரை

நெய்வேலி நிலக்கரி தற்காலிகத் தாங்கியாயினும், இந்திய நுண்ணுயிர் உரத் துறை உள்ளூர்ப் பொருளைக்கொண்டு தன் காலில் நிற்க உதவியது. பொட்டலத்திலிட்ட பாக்டீரியா, காலங்காலமாய் உருவான மேல்மண்ணுக்கு ஈடாகாது என்பதையும் அதே நிலப்பகுதி உணர்த்துகிறது. எனவே காடாம்புலியூர் போன்ற சுரங்கம் சூழ் ஊர்களின் வேளாண் வரலாறு எழுதப்படும்போது, நிலப்பரப்பையும் விளைச்சலையும் மட்டுமன்றி, மண்ணின் உயிர்வளத்தையும் கணக்கிற்கொள்ளுதல் இன்றியமையாதது.