ஊசி தாவிய இடம்: இசைத்தட்டு, மதிப்புரை, நம் காதுகள்

1

தமிழில் கச்சேரி விமர்சனம் உண்டு. சினிமா விமர்சனம் உண்டு. அதன் கடைசிப் பத்தியில் 'பாடல்கள் தாளம் போட வைக்கின்றன' என்றொரு வரியும் உண்டு. இசைத்தட்டு மதிப்புரை மட்டும் ஒரு வகைமையாக இங்கே உருவாகவேயில்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி விகடனில் எழுதியதும், பின்னாளில் சுப்புடு எழுதியதும் சபாவில் உட்கார்ந்து கேட்ட அனுபவத்தை. பாடுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பல நேரம் ஒரே தெருவிலிருந்தும் வந்தார்கள். லண்டனில் 1923இலேயே தட்டுகளை மதிப்பிடுவதற்கென்று 'கிராமஃபோன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்துவிட்டது. 1902இல் கல்கத்தாவில் கெளஹர் ஜானின் குரல் பதிவானது. அதிலிருந்து தட்டு, கேசட், சி.டி., கைபேசி என்று எல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்தன. 'இந்தத் தட்டு என்ன செய்கிறது?' என்று எழுத்தில் கேட்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. ஏன் என்பதற்கான பதிலைத் தேடி அடோர்னோவிடம் போகுமுன் நான் எங்க சின்னத்தாவிடம் போக வேண்டியிருக்கிறது.

சித்தையன்கோட்டையில் சின்னத்தா ரேடியோ செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பிளேயர், நாலு குழாய், ரெண்டு பெட்டி நிறைய ரெக்கார்டு. செம்பட்டி, ஆத்தூர், சின்னாளபட்டி வரைக்கும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். கல்யாணம், சுன்னத், காதுகுத்து, கோயில் சாட்டு, கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே நாலு குழாய்தான். எங்க தெருவில் என்றால் முதல் பாட்டு நாகூர் ஹனிபா. அந்தப் பக்கம் என்றால் சீர்காழியோ டி.எம்.எஸ்.ஸோ பாடிய சாமி பாட்டு. ஹனிபாவின் குரல் தீன் பாட்டிலும் கழகப் பாட்டிலும் ஒன்றுதான். ஆனால் எந்தக் குழாயில் எந்த ஹனிபா என்பதை சின்னத்தா தெரிந்து வைத்திருந்தார். இந்த வரிசைக்கிரமம் எந்த அரசாணையிலும் இல்லை. மீறினால் மறுநாள் செட்டு வாடகைக்குப் போகாது, அவ்வளவுதான்.

அவர் மௌத்தான பிறகு பெட்டியைத் திறந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு வரி. 'கூட்டம் நின்னுது.' 'பொம்பளைக கேட்டாக.' 'ஆளு கலையுது, ராத்திரிக்குப் போடாதே.' 'ஊசி தாவுது, ரெண்டாம் சரணம்.' தமிழின் முதல் இசைத்தட்டு மதிப்புரையாளர் என்று எங்க சின்னத்தாவைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிகளில் ஒரு முறையியல் இருக்கிறது. யார் நின்றார்கள், யார் போனார்கள், ஊசி எங்கே தாவியது: இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு சில தட்டுகளைக் கேட்டுப் பார்ப்பதே என் உத்தேசம்.

2

'சுயாதீன இசை' என்கிறோம். எதிலிருந்து சுயாதீனம்? மேற்கில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது: பெருங்கம்பெனியிலிருந்து. இ.எம்.ஐ. கம்பெனி செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை 1976 அக்டோபரில் ஒப்பந்தம் செய்து, கூச்சல் எழுந்ததும் 1977 ஜனவரியில் கழற்றிவிட்டது. அதே ஜனவரியில் மான்செஸ்டரிலிருந்து பஸ்காக்ஸ் என்ற குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, சொந்தப் பெயரில் நாலு பாட்டு கொண்ட ஒரு தட்டை வெளியிட்டது. முதல் அச்சு 1,000. எந்தப் பாட்டை எத்தனையாவது முறையில் பதிவு செய்தோம் என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். 'இது ரகசிய வித்தை இல்லை, நீயும் செய்யலாம்' என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் ஒரு வங்கிக் குமாஸ்தா, மார்க் பெர்ரி, பங்க் இசைக்கென்று நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்த ஒரு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஏதோ தெரிந்த வாடை அடிக்கிறதல்லவா? 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, பின்னர் தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். கைக்காசு, குறைந்த பிரதி, சந்தாதாரர்களின் சிறு வட்டம், பெரும்பத்திரிகை மீது ஒரு கோபம். சிற்றிதழும் பங்க் தட்டும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு வடிவங்கள். அப்படியிருந்தும் நம் சிற்றிதழ்கள் நவீன ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் இடம் கொடுத்த அளவுக்கு ரெக்கார்டுக்குக் கொடுக்கவில்லை. காரணம், இங்கே ரெக்கார்டு என்றால் சினிமா. சினிமா என்றால் வெகுஜனம். வெகுஜனம் என்றால் தீட்டு. கண்ணுக்குக் கொடுத்த கௌரவத்தை நாம் காதுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செக்ஸ் பிஸ்டல்ஸைக் கழற்றிவிட்ட அதே இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளைதான் அப்போது கல்கத்தாவின் டம்டம் ஆலையில் எச்.எம்.வி. நாய்ப்படத்தோடு நம் ஊர்த் தட்டுகளை அச்சடித்துக்கொண்டிருந்தது. 1982இல் அதே நாய்ப்படத்தோடு ஒரு விசித்திரம் வெளிவந்தது. பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் தாள இயந்திரத்தையும் பாஸ் இயந்திரத்தையும் சிந்தசைசரையும் ஒன்றாகக் கோத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த தட்டு அது. யாரும் வாங்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987இல், சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் அதே பாஸ் இயந்திரத்தைத் திருகி எழுப்பிய ஒலிக்கு 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் வந்தது. 2010இல் ஐரோப்பாவில் மறுவெளியீடு ஆன பிறகுதான் சரண்ஜித் சிங் 'முன்னோடி' ஆனார். 2015இல் இறந்துபோனார். யார் முன்னோடி என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை; ஒலியைப் பற்றி எழுதுகிறவன் தீர்மானிக்கிறான். மதிப்புரை இல்லாத இடத்தில் தட்டு பிறந்த அன்றே மௌத்தாகிவிடுகிறது.

3

எங்கள் பக்கம் 1985 வரைக்கும் மதுரை ஜில்லாதான். பண்ணைப்புரமும் அதே ஜில்லா. பாவலர் வரதராஜனும் தம்பிகளும் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பாட்டுகளைப் பற்றி சின்னத்தா வாயாரச் சொல்வார். அவர் பெட்டியில் அந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை. அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜாவாகி 1986இல் 'ஹௌ டு நேம் இட்' வெளியிட்டபோது சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ் இசைத்தொகுப்பு இருக்க முடியும் என்று காட்டினார். திண்டுக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் கொடுத்து அதைப் பதிந்து வந்தேன். சின்னத்தா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. எந்த விசேசத்துக்குடா போடறது?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் தாண்ட முடியவில்லை. நம் சமூகத்தில் ஒலி என்பது சடங்கோடு கட்டப்பட்டது. விசேஷமில்லாமல் கேட்பது, சும்மா கேட்பது, தனியாகக் கேட்பது என்பதெல்லாம் வசதியுள்ளவனின் பழக்கம். 'கேட்டல் பின்னடைகிறது' என்று அடோர்னோ 1938இல் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கு முதலில் கேட்பதற்கு ஒரு தனி அறை வேண்டும். எங்க தெருவில் அறை ஏது, குழாய்தான்.

ஆனால் கேசட் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. கீழக்கரையில் சாகுல் ஹமீதாகப் பிறந்த இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரனின் குரலில் மேடைகள் வழியாகவும் கேசட் வழியாகவும் பரவியது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் நெருப்பு அதில் இருந்தது. கம்பெனியும் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், ஒரு கல்லூரி ஆசிரியர், கொஞ்சம் தோல்வாத்தியம். பங்க் என்ற சொல்லை நாம் இறக்குமதி செய்யத் தேவையிருக்கவில்லை. பொருள் கையில்தான் இருந்தது. இருவரும் 2016இல் காலமானார்கள். அஞ்சலிகளில் கவிஞர் என்றார்கள், அறிஞர் என்றார்கள். 'ரெக்கார்டு போட்டவர்கள்' என்ற கோணத்தில் யாரும் எழுதி நான் படிக்கவில்லை.

4

இப்போது புதிய தட்டுகளுக்கு வருகிறேன். 'தட்டு' என்பது இனி ஓர் உருவகம்தான்.

லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து 2005இல் 'அருளர்' வெளியிட்டார். ஒரேயொரு ரோலண்ட் தாளப்பெட்டியில் பிறந்த பாட்டுகள் அவை. 2007இல் தாயின் பெயரில் 'கலா'. அதன் ஒரு பகுதி சென்னையில் பதிவானது; உறுமி அதில் இயந்திரத் தாளத்தோடு மல்லுக்கட்டுகிறது. அதே தொகுப்பில் ஒரு பாட்டு, கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றை அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. அகதியைப் பற்றிய வெள்ளைக்காரன் பாட்டை அகதியே திருப்பி எடுத்துக்கொண்ட செயல் அது. நின்றவர்கள்: உலகம் முழுக்க நடனக் கூடங்கள். போனவர்கள்: 'இது தமிழா?' என்று கேட்ட நம்மவர்கள். ஊசி தாவிய இடம்: அந்த உறுமியை அடித்த விரல்களின் பெயர் நமக்குத் தெரியாது.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், டென்மாவின் இசையமைப்பு, 19 கலைஞர்கள். பெயருக்கான வேர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனை. அதே ஆண்டில் வந்த 'மகிழ்ச்சி' தொகுப்பில் கானாவும் ராப்பும் ராக் கிதாரும் பறையும் சட்டியும் ஒரே மேடையில் நிற்கின்றன. கிதார் பறைக்கு 'துணை' வாசிக்கிறது, தலைகீழாக இல்லை. இதுதான் அந்தத் தொகுப்பின் உண்மையான வாதம். இடஒதுக்கீட்டைப் பற்றிய வரிகள் அதற்குப் பிறகுதான். குறையும் உண்டு: சில பாட்டுகளில் கோஷம் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இசைவாணி பாடவரும்போது அதுவரை ஆண்களின் சொத்தாயிருந்த கானாவின் தரை நகர்கிறது.

2019இல் அறிவும் ஒஃப்ரோவும் செய்த 'தெருக்குரல்' இன்னும் இறுக்கமானது. மின்னணுத் தாளம் குறைவாகப் பேசுகிறது, அதனால் சொல் நன்றாகக் கேட்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து எங்க தெருப் பையன்கள் கோஷம் போட்ட நாட்களில் அறிவின் 'சண்ட செய்வோம்' அவர்கள் கைபேசிகளில் ஓடியது. ஹனிபாவுக்குப் பிறகு எங்க தெருவில் எல்லோரும் சேர்ந்து கேட்ட குரல் அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு தலித் இளைஞனுடையது. சின்னத்தா இருந்திருந்தால் 'கூட்டம் நின்னுது' என்று எழுதியிருப்பார்.

2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா தளம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதன் ஊற்று. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். பிறகு அதே ஆண்டு ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லை. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. பாட்டு யாருடையது என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்தது. சந்தோஷ் நாராயணன் தம் விளக்கத்தைச் சொன்னார். 2024இல், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றும் அவரே சொன்னார். ஆக, 'சுயாதீனம்' என்ற சொல்லுக்குள் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது: நிலத்தை உழுதவன் யார், பட்டா யார் பேரில்? அந்தப் பாட்டின் பொருளே பாட்டின் கதையாகவும் ஆகிவிட்டது.

இந்த முயற்சிகளுக்குப் பின்னால் சினிமாக்காசு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறதுதான். நம் சிற்றிதழ்கள் பலவற்றின் பின்னால் அரசு உத்தியோகச் சம்பளம் இருந்தது போல. யார் காசு என்று கேட்பது அவசியம். அதோடு கேள்வியை நிறுத்திக்கொள்வது சோம்பல்.

5

கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாடகைக் கணக்கு இருக்கிறது. ஊர், விசேஷம், தொகை. அதில் ஒரு வரி: பக்கத்து ஊர் ஒன்றின் பெயர், 'காலனி, காதுகுத்து', தொகைக்கான இடத்தில் 'செட்டு குடுக்கல'. காரணம் எழுதவில்லை. அத்தாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அங்க குடுத்தா மத்த ஊர்க்காரக செட்டு எடுக்க மாட்டாக. அவன் என்னடா பண்ணுவான்?" என்றார். சின்னத்தா நல்ல மனிதர். ஹனிபா பாட்டில் மனிதர் எல்லாம் சமம் என்று கேட்டுக் கண் கலங்குவார். அன்றைக்கு அந்தக் காலனியில் ஒரு குழந்தைக்குப் பாட்டில்லாமல் காது குத்தினார்கள். அல்லது அவர்களே பறையடித்துக் குத்தியிருப்பார்கள். அது எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை.

தமிழில் இசைத்தட்டு மதிப்புரை ஏன் உருவாகவில்லை என்ற கேள்விக்கு இப்போது எனக்கு ஒரு பதில் தெரிகிறது. மதிப்புரை எழுதுவதென்றால் 'இதில் யார் இல்லை' என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டால் நம் வீட்டு நோட்டையே முதலில் திறக்க வேண்டிவரும். இசை பொதுவானது, எல்லோருக்குமானது என்ற கதையாடல் அந்த நோட்டை மூடிவைக்க வசதியாக இருந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமு வீட்டுப் பையனிடம் 'மகிழ்ச்சி'யைப் போட்டுக் காட்டினேன். காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டிக் கேட்டான். "யாரு மச்சான் இந்தப் பறை?" என்றான். எனக்கு டென்மா பெயர் தெரியும், அறிவு பெயர் தெரியும், இசைவாணி பெயர் தெரியும். பறையடித்தவர் பெயர் சொல்லத் தெரியவில்லை. நோட்டை எடுத்து, சின்னத்தா கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'ஊசி தாவுது. என் காதில்.'