மூன்று மணி நேரத்தில் குமிழித் தூம்பு

அண்ணா பல்கலைக்கழகம் 2021 ஒழுங்குமுறையின் கீழ், 2022-23ஆம் கல்வியாண்டில், முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரு பாடங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். இரண்டாவது பாடத்தின் நான்காம் அலகில் அணை, ஏரி, மதகு, சோழர்காலக் குமிழித் தூம்பு, கால்நடைக் கிணறு, மீன்பிடி, முத்துக்குளிப்பு எல்லாம் அடக்கம். அதற்கு ஒதுக்கிய நேரம் மூன்று மணி. ஒரு தொழில்நுட்பம் எப்படி இயங்குகிறது என்பதோடு, அதை யார் தீர்மானித்தார்கள், யார் பராமரிக்கிறார்கள், பயன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு என்று கேட்கத் தெரிவதையே இங்கே தொழில்நுட்ப எழுத்தறிவு என்கிறேன். நம் பொறியியல் பட்டப்படிப்பில் அது எப்போதும் துணைப்பாடமாகவே வந்திருக்கிறது. கணக்குப் போடும் பாடத்துக்குள் நுழைந்ததில்லை. நேரக் குறைவைவிட இந்தப் பிரிவினைதான் பெரிய குறை.

பிரிவினை பழையது. இதே பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய நில அளவைப் பள்ளி. கம்பெனிக்கு அப்போது வேண்டியிருந்தவர்கள் அளக்கத் தெரிந்தவர்கள். எதற்காக அளக்கிறோம் என்ற கேள்வி மேலிடத்துக்கு உரியது. 1859இல் அது பொறியியல் கல்லூரியானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி, ஊரார் வழக்கமாகச் செய்துவந்த ஏரி, கால்வாய் பராமரிப்பான குடிமராமத்தைச் சட்டக் கடமையாக்கியது. ஒன்றினால் மற்றொன்று நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு கல்லூரிக்கும் பராமரிப்பு சட்டத்துக்கும் என்று பிரிந்த காலம் அது. சுதந்திரத்துக்குப் பின்னும் இவ்விரண்டின் இணைப்பு வெளியிலிருந்து வந்த நெருக்குதலால்தான் நடந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சுற்றுச்சூழல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டு, 2003இல் மீண்டும் வலியுறுத்திய பிறகே சுற்றுச்சூழல் கல்வி கல்லூரிகளில் வேரூன்றியது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானதை ஒட்டி, ‘பொறியாளரும் சமூகமும்’ பட்டதாரிக்குரிய பண்புகளில் ஒன்றாக அங்கீகாரப் படிவங்களில் இடம்பெற்றது. படிவத்தில் இடம்பெறுவது எளிது.

புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இழப்பின் அளவு தெரியும். பெரும்பகுதியில் ஆற்றுப் பாசனம் இல்லாத, மழையை நம்பிய கண்மாய் நாடு இது. கரையிலிருந்து உள்ளே தள்ளி, நீர்ப்பரப்பின் நடுவே நிற்கும் இரட்டைக் கல்தூண்கள் குமிழித் தூம்பின் அடையாளம். அமைத்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகள் சிலவற்றில் உண்டு. தூண்களுக்கு அடியில் கல்தொட்டி. அதன் மேல்துளையை அடைத்திருக்கும் குழவியைத் தூக்கினால் நீர் இறங்கி, நிலத்தடிக் கால்வாய் வழியே கரைக்கு அப்பால் வெளியேறும். கீழ்த்துளைகள் சேற்றையும் இழுத்துச் செல்லும். துளை வழியே பாயும் நீரின் அளவு நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று நீரியல் பாடம் சொல்கிறது. மட்டம் கால்பங்காகக் குறைந்தால் பாய்ச்சல் பாதியாகும். அப்படியானால் கடைமடைக்காரருக்குத் தை மாதத்தில் என்ன கிடைக்கும்? முறைப்பாசனம் ஏன் தேவைப்பட்டது? சமன்பாட்டிலிருந்தே இந்தக் கேள்விகள் பிறக்கின்றன. அவற்றை முதலாண்டில் பண்பாடாகவும், சமன்பாட்டைப் பின்னொரு பருவத்தில் தேர்வுக் கணக்காகவும் நடத்தினால் இரண்டும் சந்திப்பதேயில்லை.

பட்டம் இல்லாதவர்களிடம் இந்த எழுத்தறிவு வளர்ந்ததற்கும் இதே மாவட்டம் சான்று. 1991இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரிகளில் கூலியாக இருந்த பெண்கள் குழுக்களாகக் குத்தகை எடுத்தார்கள். கருவி, கணக்கு, உரிமை மூன்றும் அங்கே ஒரே பாடம். 2017 பிப்ரவரியில் இம்மாவட்டத்து நெடுவாசலின் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், நிலத்தடி நீருக்கும் விளைநிலத்துக்கும் என்ன ஆகும் என்று முதலில் கேட்டவர்கள் விவசாயிகள். இத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டது. நெடுவாசல் மக்களின் எல்லா அச்சமும் அறிவியல்படி சரி என்பது என் வாதமல்ல. சரிபார்க்க வேண்டிய பொறியாளருக்கு அதற்கான பயிற்சி பட்டப்படிப்பில் கிடைத்ததா என்பதே கேள்வி.

ஏற்கனவே பாடச்சுமை அதிகம், வேலைக்கு வேண்டிய திறனே குறைவு, இதில் இது வேறா என்பார்கள். நியாயமான மறுப்பு. அது புதிய பாடங்களுக்கு எதிராகத்தான் செல்லும். இருக்கும் பாடத்தை முழுமையாக நடத்துவதற்கு எதிராகச் செல்லாது. இன்னொரு மறுப்பு வலுவானது: இப்பாடங்கள் முன்னோர் பெருமையாக முடிந்துவிடும் என்பது. தனிப்பாடமாக இருக்கும்வரை அந்த ஆபத்து உண்மைதான். கணக்கோடு சேர்த்து நடத்தினால் பெருமையும் சோதனைக்கு உள்ளாகும். மடை திறக்கும் பொறுப்பு பல ஊர்களில் பரம்பரையாகச் சில குடும்பங்களிடம், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம், இருந்தது. கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவர் வேறு, நிறைகண்மாயில் மூழ்கிக் குழவியைத் தூக்கியவர் வேறு. இதை நடத்த நீரியல் ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும், அது ஒரே ஆண்டில் நடக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் துளை வழிப் பாய்ச்சல் இப்போதும் நீரியல் பாடத்தில் இருக்கிறது. அதன் தேர்வுக் கணக்கில் ஒரு கண்மாயின் மட்டத்தையும் ஆயக்கட்டையும் கொடுத்து, நீரை எந்த முறையில் பங்கிடலாம், அதனால் யாருக்குக் குறையும் என்று கேட்பதற்குப் புதிய கிரெடிட் எதுவும் தேவையில்லை.